திருவாளர் கொட்டாவியின் அடையாள அட்டை

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் திணித்துவிட்டு ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வார்டனுக்கு அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"உன் பிள்ளை இன்னிக்கு என்னமோ உளறுது," என்றார் அண்ணன்.

பிள்ளை என்று அவர் சொன்னது ஒரு மென்பொருளை. பத்து வருஷமாக வார்டன் கட்டி மேய்ப்பது. பெயர் 'கூடப்பேசு'. கண் தெரியாதவர்கள் கம்ப்யூட்டரைத் திறந்தால், திரையில் இருப்பதையெல்லாம் அது வாய்விட்டுப் படித்துச் சொல்லும். மெயிலோ, பத்திரிகையோ, காதல் கடிதமோ, எதுவானாலும் ஒரே குரல், ஒரே சுரம். காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பித் தரலாம். இதற்கு ஓப்பன் சோர்ஸ் என்று பெயர். எடுத்துக்கொண்டவர்கள் பதினோராயிரம் பேர். திருத்தித் தந்தவர்களை எண்ண இரண்டு கை விரல் போதும். குறை சொன்னவர்களை எண்ணத்தான் ஆள் போட வேண்டும்.

"என்ன உளறுது?"

"வீட்ல யாருமில்ல போல, அப்புறமா வரேங்குது. நாலு தடவ திறந்து பாத்துட்டேன். நாலு தடவையும் அதே பாட்டு."

வார்டனின் கை ஜிப்பிலேயே நின்றது. கூடப்பேசு தினமும் காலையில் கண் விழித்ததும் இணையத்தில் தன் சொந்த முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டும். புதிய வடிவம் ஏதாவது இருந்தால் தானே எடுத்துப் பொருத்திக்கொள்ளும். இல்லாவிட்டால் "புதுசா ஒன்னுமில்ல" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கும். முகவரியே காணாமல் போனால் என்ன சொல்ல வேண்டும் என்று பத்து வருஷத்துக்கு முன்னால் ஒருவன் விளையாட்டாக எழுதி வைத்த வரி அது. இதுவரை அதை யாரும் கேட்டதில்லை. அன்று காலை பதினோராயிரம் வீட்டிலும் அலுவலகத்திலும் அதே வரி ஒலித்துக்கொண்டிருந்தது.

எழுதியவன் பேர்மன்னன். வார்டனோடு டிப்ளமா படித்தவன். கண்ணில் படுவதற்கெல்லாம் பெயர் வைக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. குழு மெயிலில் எகிறுகிறவர்களை அதட்டி உட்கார வைக்கிறாள் என்பதால் இவளுக்கு வார்டன் என்று வைத்தான். ஒவ்வொரு வடிவத்தையும் முதல் ஆளாகக் கேட்டுப் பார்த்துக் குறை பிடிக்கும் அண்ணனுக்குக் காது. மென்பொருளின் குரல் ஆரம்பத்தில் தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல இழுத்ததால், அந்தக் குரலுக்குக் கொட்டாவி. பேர்மன்னன் என்பது மற்றவர்கள் கூடிப் பேசி அவனுக்குத் திருப்பிக் கொடுத்தது.

முகவரியும் அவன் கண்டுபிடித்ததுதான். இணையத்தில் நாட்டுக்கு இரண்டு ஆங்கில எழுத்து ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். முகவரியின் வாலில் அது வரும். வரைபடத்திலிருந்தே மறைந்துவிட்ட ஒரு பழைய நாட்டின் இரண்டெழுத்தைச் 'சு' என்று படிக்கலாம் என்று அவன் கண்டான். நாடு போய்விட்டது, வால் மட்டும் இன்னும் விற்பனையில் இருந்தது. முதலில் 'கூடப்பே', நடுவில் ஒரு புள்ளி, கடைசியில் 'சு'. மென்பொருளின் பெயரே முகவரி. அதைக் கண்டுபிடித்த அன்று இருவரும் உலகத்தையே வளைத்துவிட்டதுபோலச் சிரித்தார்கள். பத்து வருஷத்துக்குச் சேர்த்து அவனே கைக்காசு போட்டு வாங்கினான். வார்டன் அதைத் தேநீர்க் கோப்பையில் அச்சடித்து வைத்துக்கொண்டாள்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கூடப்பேசு அவருக்கு அந்த முகவரியைப் படித்துக் காட்டியபோது, 'கூடப்பே, புள்ளி, எஸ், யூ' என்று நாலு துண்டாகச் சொன்னது.

"கண்ணு தெரிஞ்சவங்களுக்கு ஜோக்கு," என்றார். "எங்களுக்குப் பேய் தும்முற மாதிரி இருக்கு."

யாருக்காகச் செய்தார்களோ அவர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் கேட்கவே கேட்காது என்பது அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை. கெட்டிக்காரர்கள் சிரிக்கும்போது குறுக்கே பேசினால் எடுபடுமா?

ஒன்பதரைக்கு வார்டன் அலுவலகத்தில் இருந்தாள். குடிநீர் அலுவலகத்தின் பில் பிரிவு அது. ஜன்னலோரம் பெரிய பிரின்டர், சுவர் முழுக்க இரும்பு அலமாரி, அவள் மேஜையில் தெருவாரியாகக் கட்டிய பில் கட்டுகள். பிரின்டரை ஓட விட்டுவிட்டு, அதன் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு முகவரியின் விவரத்தைத் தேடினாள். காலாவதி என்று வந்தது. பெயர் விற்கும் கம்பெனி கீழே விளக்கம் எழுதியிருந்தது. இரண்டு மாதத்தில் ஆறு நினைவூட்டல் அனுப்பியும் பதில் இல்லை. சொந்தக்காரர் முப்பது நாளுக்குள் வந்து புதுப்பித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் விற்றுவிடுவோம்.

நினைவூட்டல்கள் எந்த மெயிலுக்குப் போயின என்பதும் இருந்தது. அதை அவள் இரண்டு முறை படித்தாள். பேர்மன்னனின் மெயில் பெட்டி. கூடப்பேசுவின் சர்வரிலேயே அவனுக்கென்று இருந்த பெட்டி. நாலு வருஷத்துக்கு முன்னால், இதே நாற்காலியில் உட்கார்ந்து, அவள் தன் கையால் அழித்த பெட்டி.

நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பேர்மன்னன் ஒரு திருத்தம் எழுதிக்கொண்டு வந்தான். முகவரியிலிருந்து எது வந்தாலும் கூடப்பேசு கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்கிறது, இது ஆபத்து, இனிமேல் ஒவ்வொரு வடிவத்திலும் நம் குழு மட்டுமே குத்தக்கூடிய முத்திரை ஒன்று இருக்கட்டும், முத்திரை இல்லாவிட்டால் வாங்காதே என்று சொல்லிவைப்போம் என்றான். யோசனை சரிதான். ஆனால் அந்தச் சோதனையைச் செய்யப் பழைய கம்ப்யூட்டர்கள் மூச்சு வாங்கின. அண்ணனின் மெஷின் திறக்கவே நாலு நிமிஷம் எடுத்தது. பாதிப் பேர் வைத்திருந்தது யாரோ தானமாகக் கொடுத்த மெஷின். கொஞ்சம் பொறு என்றாள் வார்டன்.

"முகவரி ஒரு நாள் கை மாறினா, வர்றவன் எத ஊட்டினாலும் நம்ம பிள்ளை முழுங்கிடும்," என்று எழுதினான் அவன்.

"முகவரி எப்படிக் கை மாறும்? உன்கிட்டதானே இருக்கு," என்று எழுதினாள் அவள்.

இருநூற்றுப் பன்னிரண்டு மெயில். இரண்டு வருஷமாக ஒரு வரி நிரல் எழுதாதவர்கள் வரிந்து கட்டிக்கொண்டு வந்து நாலு நாலு பக்கம் நியாயம் எழுதினார்கள். வாக்கெடுப்பில் வார்டன் பக்கம் ஜெயித்தது. "வார்டனுக்கு ஹாஸ்டல்தான் முக்கியம், உள்ள இருக்கறவங்க இல்ல" என்று கடைசியாக ஒரு வரி போட்டுவிட்டுப் பேர்மன்னன் வெளியேறினான். அந்த வரி அவளைச் சுட்டது. அன்று மத்தியானமே, இரண்டு பில் கட்டுக்கு நடுவில், சர்வருக்குள் போய் அவன் பெட்டியை அழித்தாள். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று தெரியும். இரண்டு நொடி வேலை, மனசு குளிர்ந்தது.

முகவரியைப் பற்றிய கடிதமெல்லாம் அந்தப் பெட்டிக்குத்தான் வரும் என்பது ஒரு காலத்தில் அவளுக்குத் தெரியும். கோபத்தில் அது நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்கு ஏலம் வருகிறது என்று எச்சரிக்கும் கடிதத்தை அதே வீட்டின் தபால் பெட்டியில் போடச் சொல்லி எழுதிக் கொடுப்பது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற தப்பு. அடுத்தவன் செய்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

மத்தியானத்துக்குள் குழுவில் நூற்று நாற்பது மெயில். பேர்மன்னன் பழி வாங்கிவிட்டான் என்று ஒருவர் ஆரம்பித்தார். அடுத்தவர் துரோகி என்றார். அவன் எப்போதுமே அப்படித்தான் என்று மூன்றாவது ஆள் பழைய கதைகளை எடுத்து விட்டார். ஒருவர் போலீசுக்குப் போகலாமா என்று கேட்டார். வார்டன் ஒவ்வொன்றாகப் படித்தாள். இல்லை, பெட்டியை அழித்தது நான் என்று ஒரு வரி தட்டினால் முடிந்தது. விரல் நகரவில்லை. "விசாரித்துக்கொண்டிருக்கிறேன், பொறுமையாக இருங்கள்" என்று மட்டும் எழுதினாள். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கணவனிடம் மட்டும் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். வாசலில் உட்கார்ந்து கை கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா முதல்ல கதவத் திறக்கணும். கரண்ட்ட யார் நிறுத்தினான்னு மேல நின்னு விசாரிச்சிட்டிருந்தா உள்ள இருக்கறவன் மயங்கிடுவான்."

"நிறுத்தினதே நானா இருந்தா?"

"அப்பவும் கதவத்தான் திறக்கணும். என்ன, எல்லாரும் உன்னைப் பாப்பாங்க. கொஞ்சம் அசிங்கமா இருக்கும்." துணியை உதறி மடித்தார். "அவனுக்குப் போன் பண்ணு."

அவள் பண்ணவில்லை. புதன்கிழமை நம்பர் மாறியிருக்கும் என்று நினைத்தாள், வியாழக்கிழமை பில் மும்முரம், வெள்ளிக்கிழமை தலைவலி. அண்ணன் தினமும் கேட்டார். அவன் போன் எடுக்கவில்லை என்றாள். அண்ணனிடம் அவள் சொன்ன முழுப் பொய் அது ஒன்றுதான். முப்பது நாளில் ஒன்பது நாள் அப்படியே கரைந்தது.

பத்தாவது நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். பேர்மன்னன் இப்போது ஒரு பெயின்ட் கடையில் கலர் கலக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தான். வாடிக்கையாளர் கேட்கும் நிறத்தைக் கம்ப்யூட்டரில் தட்டினால் மெஷின் டப்பாவுக்குள் சொட்டுச் சொட்டாக விடும். பிறகு இன்னொரு மெஷின் டப்பாவைப் பிடித்துக் கடகடவென்று குலுக்கும். கம்பெனி வைத்த பெயர்கள் பிடிக்காமல், கலர் அட்டையில் அவனே பென்சிலால் பெயர் எழுதி வைத்திருந்தான். ஒரு சாம்பல் நிறத்துக்குப் பக்கத்தில் 'மேனேஜர் மூஞ்சி' என்று இருந்தது. தலை கொஞ்சம் நரைத்திருந்தது.

"வார்டன்," என்றான் அவளைப் பார்த்ததும். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

குலுக்கும் மெஷின் நிற்கும்வரை காத்திருந்து அவள் சொன்னாள். "உன் மெயில் பெட்டிய அழிச்சது நான்தான். சண்டை போட்ட அன்னிக்கே."

"தெரியும். அன்னிக்குச் சாயங்காலம் திறந்து பாத்தேன். இப்படி ஒரு ஆளே இல்லன்னு சொல்லிச்சு." டப்பா மூடியைச் சுத்தியலால் தட்டினான். "இப்ப என்ன?"

அவள் மீதியைச் சொன்னாள். குழுவில் அவனைக் கரித்துக் கொட்டுவதையும் சொன்னாள். அதை மென்று முழுங்கத்தான் நினைத்தாள், முடியவில்லை. அவன் கேட்டுக்கொண்டே கையைத் துடைத்தான்.

"பெட்டி இருந்திருந்தா பாத்திருப்பேன். கட்டியும் இருப்பேன். கோவம் உன்மேலதான், காதுமேல இல்லயே."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெயின்ட் நெடி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

இருவரும் அந்தக் கடைக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து கம்பெனியின் கதவைத் தட்டினார்கள். கடவுச்சொல் அவனுக்கு மறந்துவிட்டது. புதிது கேட்டால் பழைய மெயிலுக்கு அனுப்புகிறேன் என்றது. முகவரியே செத்துக் கிடக்கும்போது அந்த மெயில் எங்கே போய்ச் சேரும்? வேறு வழி கேட்டதற்கு, சொந்தக்காரரின் அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள் என்றது. அப்போதுதான் சொந்தக்காரர் பெயர் என்று இருந்த இடத்தை இருவரும் நிதானமாகப் படித்தார்கள்.

திருவாளர் கொட்டாவி. முகவரி: மூன்றாம் தலையணை, படுக்கையறை.

பேர்மன்னன் முகத்தில் ஈயாடவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் விண்ணப்பம் நிரப்பும்போது அது அவனுக்குப் பிரமாதமான ஜோக்காக இருந்திருக்கிறது. அவன் மெல்லச் சிரிக்க ஆரம்பித்தான், அவளும் சிரித்தாள், கல்லாவில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். பிறகு நின்றுவிட்டது. அவனுடைய உண்மையான அட்டையையும் ஒரு விளக்கக் கடிதத்தையும் அனுப்பினார்கள். மூன்றாம் நாள் பதில் வந்தது. அட்டையில் உள்ள பெயர் பொருந்தவில்லை, தயவுசெய்து திருவாளர் கொட்டாவியின் அடையாள அட்டையை அனுப்பவும்.

இன்னும் இரண்டு முறை எழுதினார்கள். இரண்டு முறையும் அதே மரியாதையான பதில்.

அதற்கு மேல் முகவரியை மீட்கப் பார்ப்பது வீண். யாராவது அதை வாங்குவதற்குள் பதினோராயிரம் பேரையும் அந்தக் கதவிலிருந்து திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. பேர்மன்னன் பழைய திருத்தத்தைத் தேடியெடுத்து, முத்திரையோடு புது வடிவம் ஒன்றை இரண்டு நாளில் எழுதினான். புது முகவரி ஒன்று வாங்கினார்கள். நீளமாக, சாதாரணமாக, எந்தச் சாமர்த்தியமும் இல்லாமல். சொந்தக்காரர் பெயர் என்ற இடத்தில் அவளுடைய உண்மையான பெயர், வீட்டுக் கதவு எண், கணவனின் போன் நம்பர். அண்ணன் கேட்டுப் பார்த்துவிட்டு, "இது மனுஷன் பேசற மாதிரி இருக்கு" என்றார். முத்திரைச் சோதனை அவருடைய பழைய மெஷினில் இப்போது நாற்பது நொடிதான் எடுத்தது. நாலு வருஷம் முன்னாலேயே கொஞ்சம் மெனக்கெட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் என்று வார்டனுக்குத் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் பதினோராயிரம் பேர் யார்? அதுதான் யாருக்கும் தெரியாது. பெயர் கேட்க மாட்டோம், ஊர் கேட்க மாட்டோம், யாரையும் பின்தொடர மாட்டோம் என்று பத்து வருஷமாக மார்தட்டியிருந்தார்கள். தினமும் காலையில் கதவைத் தட்டுகிற எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். இப்போது அந்தக் கதவும் இல்லை. குழு மெயிலில் அறுநூற்று நாற்பது பேர் இருந்தார்கள். மற்றவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அண்ணன் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். பாங்கில் இருபத்தாறு வருஷமாக டெலிபோன் ஆபரேட்டர் அவர். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர்களே ஒரு நோட்டுப் புத்தகம் நிறையும். பார்வையற்றோர் பள்ளிகள், சங்கங்கள், விடுதிகள், மற்ற பாங்குகளின் ஆபரேட்டர்கள் என்று வார்டன் பட்டியல் போட்டு நம்பரை வாசிக்க, அவர் அழுத்திப் பேசினார். அவர் அறையில் விளக்கே கிடையாது, ஜன்னலும் எப்போதும் மூடியே இருக்கும். சாயங்காலம் அவள் போகும்போது ஒரு டார்ச் கொண்டு போவாள்.

இருபத்தோராவது நாள் அண்ணன் போனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "இதுவரைக்கும் நாப்பத்தேழு பேர்கிட்டப் பேசியாச்சு. பதினாறு பேர்தான் மாத்தினாங்க. மத்தவங்க முடியாதுங்கறாங்க."

"ஏன்?"

"புதுசுல முத்திரை குத்தினது யாருன்னு கேக்கறாங்க. பேர்மன்னன்னு சொன்னா அவ்வளவுதான். முகவரிய முழுங்கினவன் கையால வர்றத வாங்கச் சொல்றீங்களான்னு ஒருத்தர் கேட்டார். என்ன பதில் சொல்றது? தெரியாதவன் எதக் குடுத்தாலும் வாங்காதீங்கன்னு நீதானே எல்லாருக்கும் சொல்லிக் குடுத்த." அவர் கொஞ்ச நேரம் போனின் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "அவன் வேணும்னுதான் விட்டானா?"

"இல்ல."

"அப்புறம்?"

வார்டன் பட்டியலை மடித்தாள். பொய்யாக எதுவும் சொல்லியிராத, நினைவூட்டலே பார்க்காத ஒருவனை மூன்று வாரமாக ஊரே திட்டுவதை அவள் வேடிக்கை பார்த்திருக்கிறாள். இப்போது அவன் நல்லதைக் கொண்டு வந்தாலும் வாங்க ஆளில்லை. வாங்காதவர்கள் வாசலில் நாளைக்கு எவன் வந்து நிற்கப் போகிறானோ.

"நாளைக்குச் சொல்றேண்ணா."

"நாளைக்கு இருபத்திரெண்டாவது நாள்."

அவள் எழுந்து அவருடைய கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். குழுவுக்கு எழுதும் பக்கத்தைத் திறந்து, முதல் சொல்லைத் தட்டினாள். கம்ப்யூட்டர் கீச்சென்று ஏதோ சொன்னது. கூடப்பேசு, தட்டுகிற ஒவ்வொரு சொல்லையும் உடனுக்குடன் சத்தமாகச் சொல்லும். தட்டுகிறவர் தப்பு விட்டால் தெரிய வேண்டும் என்று அவளே சேர்த்த வசதி அது. அண்ணன் எப்போதும் அதை மின்னல் வேகத்தில் வைத்திருப்பார். மற்ற யாருக்கும் ஒரு சொல் பிடிபடாது.

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். விசைப்பலகையைத் தடவி வேகத்தைக் குறைத்தார். குறைத்துக்கொண்டே போனார்.

"எனக்கு எப்படி இருந்தாலும் புரியும்," என்றார். "உனக்கும் கேக்கட்டும்."

அவள் தட்டினாள். 'பேர்மன்னன்' என்றது குரல். 'மெயில்' என்றது. 'பெட்டியை' என்றது. அடுத்த சொல்லுக்கு முன்னால் அவள் விரல் நின்றது. வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது. அவள் தட்டினாள்.

'நான்' என்றது குரல். 'தவறுதலாக.'

அவள் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பின்னால் அழித்துக்கொண்டு வந்தாள்.

'தவறுதலாக. அழிக்கப்பட்டது,' என்றது குரல்.

'கோபத்தில்' என்றது. 'அழித்தேன்' என்றது. 'மூன்று' 'வாரமாக' 'உங்களிடம்' 'சொல்லாமல்' 'இருந்தேன்' என்றது. எல்லாவற்றையும் அதே தூக்கக் கலக்கக் குரலில், ஒரு சொல்லுக்கும் வருத்தப்படாமல் சொன்னது. அவளுக்குக் கன்னமெல்லாம் எரிந்தது. பேர்மன்னன் போன் எடுக்கவில்லை என்று அவள் சொன்னதை அண்ணன் நினைத்துக்கொள்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. முத்திரை வேண்டும் என்று அவன் கேட்டதையும், வேண்டாம் என்று தான் சொன்னதையும், புது வடிவம் அவன் எழுதியது என்பதையும், அதைத்தான் தன் அண்ணன் மெஷினிலேயே போட்டிருப்பதையும் எழுதினாள். அனுப்பு என்பதை அழுத்தினாள்.

'சென்றுவிட்டது,' என்றது குரல்.

அண்ணன் வேகத்தைப் பழையபடி ஏற்றிவிட்டு, "டீ குடிக்கிறியா?" என்று கேட்டார்.

குழுவில் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். துரோகி என்ற அதே சொல் ஆள் மாறி வந்தது. பொறுப்பிலிருந்து விலகச் சொன்னார்கள், விலகினாள். பேர்மன்னன் அதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை. நாற்பது நொடியை இருபத்தைந்தாகக் குறைத்து ஒரு திருத்தம் மட்டும் அனுப்பினான். முடியாது என்றவர்களுக்கெல்லாம் அண்ணன் மறுபடி போன் போட்டார். "தப்பு என் தங்கச்சிமேலதான், அவளே எழுதியிருக்கா, படிச்சிப் பாருங்க" என்றார். முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர் மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்குச் சொன்னார்கள். ஒரு பள்ளிக்கூடமே ஒரே மத்தியானத்தில் மாறியது. அந்த ஒன்பது நாளும் போன் சூடு ஆறவே இல்லை. மொத்தம் எத்தனை பேர் மாறினார்கள், எத்தனை பேருக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை என்று எண்ண மட்டும் வழி இல்லை.

முப்பது நாள் முடிந்தது. அண்ணன் தன் அறை மூலையில் ஒரு பழைய மெஷினை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தார். அதில் அவருடைய கடிதம் கிடையாது, கணக்கு கிடையாது, ஒன்றுமே கிடையாது. தினமும் காலையில் அதைத் திறந்து பார்ப்பார். முப்பத்தொன்றாம் நாள் "வீட்ல யாருமில்ல போல, அப்புறமா வரேன்" என்றது. முப்பத்திரெண்டாம் நாளும் அதையேதான் சொன்னது. யாரும் வாங்கவில்லை போலிருக்கிறது, அந்தப் பேய்த் தும்மலை எவன் வாங்குவான் என்று வார்டன் மனசுக்குள் கொஞ்சம் ஆசைப்பட ஆரம்பித்தாள்.

முப்பத்திநாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மிச்சப் பட்டியலோடு அவள் காலையிலேயே வந்திருந்தாள். அண்ணன் பழைய மெஷினின் பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்தது.

"புதுசா ஒன்னு வந்திருக்கு," என்றது கொட்டாவி. "எடுத்துக்கிட்டேன்."

அண்ணன் சுவரைத் தடவி வயரைப் பிடித்து இழுத்தார். விசிறி அடங்கியது. முகவரியை எவனோ வாங்கிவிட்டான் என்று வார்டனுக்குப் புரிந்தது. குரல் ஒரு இழைகூட மாறவில்லை, அவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து சீர் செய்த அதே குரல். இதே நிமிஷத்தில் எந்தெந்த ஊரில், எந்தெந்த அறையில் இதைக் கேட்டுவிட்டு, சரி என்று தலையாட்டிக்கொண்டு மெயிலைப் படிக்க உட்கார்ந்திருக்கிறார்களோ. அவர்கள் கொட்டாவியை நம்புவார்கள். அதை நம்பாமல் அவர்களால் ஒரு வரி படிக்க முடியாது. அவள் பயந்துபோய் அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் இழுத்த வயரைக் கையில் சுற்றி மேஜைமேல் வைத்தார். நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து போனை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அடுத்த நம்பரச் சொல்லு," என்றார்.

அவள் டார்ச்சைப் போட்டு, பட்டியலில் கோடு போடாத முதல் வரியில் விரலை வைத்து, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள்.